ஈறுப் புண்ணிலிருந்து டயாலிசிஸ் வார்டுக்கு

பண்ருட்டியிலிருந்து நெய்வேலி போகும் சாலையில் பலாவும் முந்திரியுமாக இருக்கிற காடாம்புலியூரில், மெட்ரோனிடசோல் என்று சொன்னால் மெடிக்கலில் இருப்பவர் சட்டென்று எடுத்துக் கொடுப்பார். சீதபேதி மாத்திரை என்றுதான் நமக்கு அதைத் தெரியும்.

அது வயிற்றுக்கென்று பிறந்ததல்ல. 1953இல் ஜப்பானில் மண் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து அசோமைசின் என்ற பொருள் கிடைத்தது. அதன் சாயலில் பிரான்சின் ரோன்-பூலாங்க் நிறுவனம் செய்த மருந்து இது. பெண்களுக்கு வரும் டிரைக்கோமோனாஸ் தொற்றுக்காக ஃபிளாஜில் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அதைச் சாப்பிட்ட ஒரு பெண்ணுக்கு ஈறுப் புண்ணும் சேர்ந்து ஆறிவிட்டது. 1962இல் ஷின் என்பவர் இதை லான்செட் இதழில் எழுதினார். ஆக்சிஜன் ஆகாத கிருமிகளை இது கொல்கிறது என்பது அப்படித்தான் வெளியே வந்தது. 1972இல் டேலி, ஃபைன்கோல்ட் முதலானோர் பாக்டீராய்ட்ஸ் போன்ற கிருமிகளின் கடுமையான தொற்றுகளுக்கே கொடுத்துப் பார்த்தார்கள்.

டயாலிசிஸ் நோயாளியின் ரத்தத் தொற்றுக்கு இது தேவைப்படுவது அபூர்வம். கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் செய்துகொள்பவருக்குக் குளிர் காய்ச்சல் வந்தால் பெரும்பாலும் குற்றவாளி தோலில் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ். அதனால் வான்கோமைசினும் ஜென்டாமைசினும் ஏற்றுவது பல இடங்களில் வழக்கம். ஆனால் பாக்டீராய்ட்ஸ் ரத்தத்தில் புகுந்திருந்தால் இரண்டுமே வீண். ஜென்டாமைசின் கிருமிக்குள் நுழையவே ஆக்சிஜன் வேண்டும். மெட்ரோனிடசோலுக்கோ ஆக்சிஜன் இருக்கக் கூடாது: அது இல்லாத கிருமிக்குள் போய்த்தான் உருமாறி டி.என்.ஏ.வை நறுக்குகிறது. இந்த மருந்தின் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

சிக்கல், கிருமியை அடையாளம் காண்பதில். கல்ச்சருக்கு ரத்தம் எடுக்கும்போது காற்றில்லாத பாட்டில் ஒன்றும் சேர்த்து நிரப்ப வேண்டும். செலவு பார்த்து அதை விட்டுவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. பாட்டிலில் கிருமி வளர்ந்ததாக மெஷின் மணியடித்து, மைக்ராஸ்கோப்பில் குச்சிக் கிருமிகள் தெரிந்து, மறுநாள் சாதாரணத் தட்டில் ஒன்றும் முளைக்காவிட்டால் அனுபவமுள்ள லேப்காரருக்குச் சந்தேகம் வந்துவிடும். ஆக்சிஜன் நீக்கிய ஜாடியில் வளர்த்த பிறகே பெயர் தெரியும்.

பெயர் தெரிந்ததும் பார்வை குழாயிலிருந்து வயிற்றுக்குத் திரும்ப வேண்டும். பாக்டீராய்ட்ஸின் வீடு பெருங்குடல். அளந்து குடிக்கும் தண்ணீர், பாஸ்பேட்டைக் குறைக்கும் மாத்திரை, இவற்றால் மலச்சிக்கல். டயாலிசிஸின்போது பிரஷர் இறங்கிக் குடலுக்கு ரத்தம் குறைவது வேறு; இப்படித்தான் கிருமி ரத்தத்தில் புக வழி கிடைக்கலாம். ஸ்கேனில் சீழ்க்கட்டி தெரிந்தால் அதை வடிக்காமல் மருந்து மட்டும் போதாது.

மருந்து கொடுக்கும் நேரமும் முக்கியம். மெட்ரோனிடசோலை டயாலிசிஸ் மெஷின் கணிசமாகக் கழுவி எடுத்துவிடும். ஆகவே டயாலிசிஸ் நாளில், மெஷினை நிறுத்திய பிறகே அந்த வேளை மருந்தை ஏற்றுகிறார்கள்.