டாங்கி காங்: காணாமல் போன 50 மீட்டர்

பழைய விளையாட்டுகளை மறுபடி வெளியிடும் 'ஆர்கேட் ஆர்கைவ்ஸ்' வரிசையில் டாங்கி காங்கை வாங்கி ஆடிக்கிட்டிருக்கேன். வீட்டு வீடியோ கேமில் மட்டும் இதை ஆடினவங்களுக்கு ஒரு இடம் புதுசா இருக்கும். கன்வேயர் பெல்ட் ஓடும் 50 மீட்டர் கட்டம்.

1981ல் வந்த ஆர்கேட் மெஷினில் நாலு கட்டங்கள். 1983ல் ஃபேமிகாமுக்கு மாத்தினப்போ இந்த ஒண்ணை விட்டுட்டாங்க. பல வருஷம் கழிச்சு வீ, வீ யூ கன்சோல்களில் நிண்டெண்டோ விற்றதும் அந்த மூணு கட்ட வடிவத்தைத்தான். நாலு கட்டமும் 1999ல் 'டாங்கி காங் 64'க்குள் ஒரு ஓரமாக எட்டிப் பார்த்தன. அசல் ஆர்கேட் வடிவம் ஸ்விட்ச்சில் தனியாக வந்தது 2018 ஜூனில். 37 வருஷம்!

ஏன் இவ்வளவு தாமதம்? விளையாட்டை வடிவமைத்தவர் ஷிகெரு மியாமோட்டோ. ஆனால் புரோகிராம் எழுதியது இகெகாமி சூஷின்கி என்ற வேறொரு நிறுவனம். அந்த புரோகிராம் யாருக்குச் சொந்தம்னு தெளிவான ஒப்பந்தம் இல்லை. அடுத்து 'டாங்கி காங் ஜூனியர்' செய்யும்போது, பழைய புரோகிராமைப் பிரித்துப் பார்த்து அதை வைத்தே வேலையை முடித்தது நிண்டெண்டோ. 1983ல் இகெகாமி வழக்கு போட்டது. 1990ல் சமரசம், நிபந்தனைகள் வெளியே வரவில்லை. தாமதத்துக்கு இந்தச் சண்டைதான் காரணம்னு பலரும் சந்தேகப்படறாங்க.

புரோகிராம் எழுதினவங்க பெயர் திரையில் எங்கேயும் கிடையாது. ஆனா மெஷினின் ரோம் சிப்புக்குள் ஒரு செய்தியை ஒளிச்சு வெச்சிருந்தாங்க: இதைப் பிரித்துப் படிக்கச் சிரமமா இருந்தா எங்களைக் கேளுங்க, சொல்லித் தர்றோம். கூடவே இகெகாமியின் தொலைபேசி எண். ஆடுறவங்க கண்ணில் அது படவே படாது. பிரித்துப் பார்ப்பவருக்காகவே போட்ட கையெழுத்து அது.

ரெட்ரோ வெளியீடுகளை மலரும் நினைவுகள்னு ஒதுக்கிடறோம். எனக்கு இது பதிப்பு வேலையாகத்தான் படுது. இதில் ஜப்பானின் முதல் வடிவம், திருத்திய வடிவம், வெளிநாட்டு வடிவம்னு மூணும் இருக்கு. ஜப்பானில் 50 மீட்டர் இரண்டாவது கட்டம். வெளிநாட்டு வடிவத்தில் மூணாவது சுற்று வரை காத்திருக்கணும். சுத்தமான பாடபேதம்! கிடைச்சா மூணையும் அடுத்தடுத்து ஆடிப் பாருங்க. நமக்குத் தெரிஞ்ச டாங்கி காங் எந்தப் பதிப்புன்னு அப்போ புரியும்.