பக்கத்தில் ஒரு ஆள்

கும்பகோணத்திலிருந்து காவிரிக் கரையோடு மேற்கே போனால் உமையாள்புரம். பெயரைச் சொன்னதுமே மிருதங்கச் சத்தம் கேட்டிருக்குமே? உமையாள்புரம் சிவராமன் பத்து வயதில் கும்பகோணம் காளஹஸ்தீஸ்வரர் கோயிலில் அரங்கேறியவர். ஆறுபாதி நடேசய்யர், தஞ்சாவூர் வைத்தியநாதய்யர், பாலக்காடு மணி அய்யர், கும்பகோணம் ரங்கு அய்யங்கார் என்று நாலு பேரிடம் பாடம். மனுஷர் பி.ஏ., பி.எல்.லும் முடித்தவர். ஆனால் மேடையில் அந்தப் பட்டத்துக்கு என்ன வேலை?

மிருதங்கம் அப்படித்தான் கற்கப்பட்டது. குரு பக்கத்தில் இருப்பார். விரல் தப்பாக விழுந்தால் அந்த நிமிஷமே சொல்வார்.

சரி, கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுவதை இப்படிச் சொல்லித்தர முடியுமா?

முடியும் என்று நினைத்தவர் இதே தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமக் குடும்பத்துக்காரர். ஸ்ரீதர் வேம்பு, பிறந்தது 1968. சென்னை ஐ.ஐ.டி.யில் 1989-ல் பட்டம், பிரின்ஸ்டனில் டாக்டர் பட்டம், அப்புறம் அமெரிக்காவில் குவால்காம் வேலை. 1996-ல் தம்பிகளும் நண்பர் டோனி தாமஸும் சேர்ந்து நடத்த, அட்வென்ட்நெட் என்று ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி உருவானது. 2009-ல் அதுவே ‘ஸோஹோ’ ஆனது.

சின்னக் கம்பெனிக்குப் பெரிய காலேஜ் பையன்கள் எப்படி வருவார்கள்? கிடைத்தவர்களை வைத்து ஓட்டினார்கள். சில வருஷம் கழித்துப் பார்த்தால், படித்த காலேஜின் பெயருக்கும் வேலைத் திறமைக்கும் பெரிய சம்பந்தம் எதுவும் தெரியவில்லை! அப்படியென்றால் காலேஜ் எதற்கு?

2005-ல், ப்ளஸ் டூ முடித்த ஆறு பேரை வைத்து ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார்கள். கணக்கு, இங்கிலீஷ், புரோகிராமிங். ஃபீஸ் கிடையாது, படிக்கும்போதே மாதாமாதம் உதவித்தொகை. அப்புறம் கம்பெனி வேலையிலேயே பயிற்சி.

டெல்டாக்காரர்களுக்கு இதன் அருமை புரியும். மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்தால்தான் குறுவை. 2002-லும் 2003-லும் அந்தத் தேதிக்குத் திறக்கவில்லை. குறுவை போன வீட்டில் நாலு வருஷ இன்ஜினீயரிங் ஃபீஸுக்கு எங்கே போவது? நிலத்தை விற்க வேண்டும், இல்லை நகையை.

புரோகிராம் கற்றுக்கொள்கிறவனுக்கு முதல் மாதம் நரகம். ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனால் கம்ப்யூட்டர் பத்து வரிக்குத் திட்டும். புத்தகத்தில் இருப்பதெல்லாம் சரியான புரோகிராம்கள். பையன் எழுதியதோ தப்பான புரோகிராம். ‘நமக்கு மூளை இல்லை போலிருக்கு’ என்று மூடிவைத்துவிட்டுப் போய்விடுவான். பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்து, ‘திட்டின முதல் வரியை மட்டும் படி, மற்றதை விடு’ என்று சொன்னால் போதும், தப்பித்தான். இந்த ஒரு வாக்கியத்தைக்கூட நாலு வருஷத்தில் சொல்லாத கல்லூரிகள் உண்டு என்பது என் அபிப்பிராயம்.

பிரின்ஸ்டன் டாக்டர், ‘டிகிரி அவசியமில்லை’ என்கிறாரே என்று சிலருக்குச் சிரிப்பு வந்தது. நியாயம்தான். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்றதில் கோட்டைவிட்டு ஸ்காலர்ஷிப்பை இழந்த ராமானுஜனைக் கேட்டிருந்தால், டிகிரி இல்லாத கஷ்டத்தைச் சொல்லியிருப்பார். 1912-ல் அவருக்குக் கிடைத்தது துறைமுக குமாஸ்தா வேலை.

இந்தப் பையன்களுக்கும் சிக்கல் உண்டு. இந்தக் கம்பெனிக்குள் டிகிரி தேவையில்லை, வெளியே? அமெரிக்க எச்-1பி விசாவுக்கு டிகிரி, அல்லது அதற்கு ஈடான பல வருஷ அனுபவம் காட்டியாக வேண்டும். பெண் பார்க்கப் போகும் வீட்டில் எந்த அனுபவமும் செல்லாது, ‘மாப்பிள்ளை என்ன படிச்சிருக்கார்?’ என்பார்கள்.

கம்பெனி 2011-ல் தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்தில் ஆபீஸ் போட்டது. ஊர் பெயர், மத்தளம்பாறை! பிறகு பள்ளிக்கூடமும் அந்தப் பக்கம் போனது. ஆறு பேரில் ஆரம்பித்தது ஆயிரத்தைத் தாண்டியது; ஒரு கட்டத்தில் கம்பெனி இன்ஜினீயர்களில் சுமார் 15 சதவிகிதம் பேர் இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்.