நாட்கூலியும் உணவு முத்திரையும்: திருகோணமலைத் துறைமுகப் பகுதியை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

வேலை அறவே இல்லாதவனுக்கு அரசு உதவுதல் வேண்டும் என்பதை இன்று மறுப்பார் அரியர். நிலையான மாதச் சம்பளம் உடையவனுக்கு அவ்வுதவி வேண்டா என்பதிலும் கருத்து வேற்றுமை இல்லை. இவ்விருவருக்கும் இடையே நிற்பவனைப் பற்றியதே சிக்கல். மாதத்திற் பத்து நாள் மட்டும் வேலை செய்பவன் உதவிக்கு உரியனா, அல்லனா? உரியனெனின், பதினோராம் நாளும் வேலை கிடைத்தவிடத்து அவனது உதவியில் எவ்வளவு குறைக்கப்படல் வேண்டும்?

திருகோணமலையில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. வாடைக்காற்று எழுந்து கடல் கொந்தளிக்கும் மாதங்களில் திருக்கடலூர், நிலாவெளி, குச்சவெளிக் கரைகளில் வள்ளங்கள் மணலேறிக் கிடக்கும். கடல் அடங்கிய பின்னரே கரைவலை இழுப்போருக்குக் கூலி உண்டு. தம்பலகாமம், மூதூர்ப் பக்கத்து வயல்களில் விதைப்புக்கும் அறுப்புக்கும் ஆள் வேண்டும், இடையில் வேண்டா. துறைமுகத்திலோ கப்பல் வந்த நாளே வேலை நாள். பிரித்தானியக் கடற்படைத்தளம் இருந்த காலத்தில், சிறப்பாக யப்பானியர் 1942 ஏப்பிரல் 9 இல் இந்நகர்மீது குண்டு வீசிய போர்க்காலத்தில், வேலைக்குக் குறைவில்லை. 1957 ஒக்டோபர் 15 இல் அத்தளம் இலங்கையரசிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்நியர் தளம் அகன்றமை நாட்டுக்குப் பெருமையே. ஆயினும் அதனை நம்பி வாழ்ந்தோருக்கு நிலையான வேலை அருகியது. வேலையின்மைக் காப்புறுதி அன்று நாட்டில் இல்லை. மறுவருடம் இயற்றப்பட்ட ஊழியர் சேமலாப நிதிச் சட்டமும் முதுமைக்கான சேமிப்பேயன்றி வேலையற்ற மாதத்துக்கான உணவன்று.

முந்திய சட்டங்கள் இவ்விடைநிலை மனிதனைக் கண்டுகொள்ளவில்லை. 1939 ஆம் ஆண்டின் வறியோர் சட்டம் கொழும்பு, கண்டி, காலி ஆகிய மூன்று மாநகரங்களுக்கே பொறுப்பு வகுத்தது. ஏனைய இடங்களில் வழங்கிய பொதுசன உதவிப்பணமும் முதியோர், நோயாளர், ஆதரவற்ற விதவைகள் என உழைக்க இயலாதவரையே நோக்கியது. அதனை மக்கள் ‘பிச்சைச் சம்பளம்’ என வழங்கினர். பெயரே அதன் இயல்பை உணர்த்தும். உடல்வலியுடையோனுக்கு அதில் இடமில்லை.

அவனைக் காத்தது கூப்பன் அரிசியே. போர்க்காலத்தில் 1942 இல் தொடங்கிய இம்முறையில் வருமான விசாரணை இல்லை. கப்பல் வந்தாலும் வராவிட்டாலும் சங்கக்கடையில் அவனுக்குப் பங்கு உண்டு. 1953 இல் கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது ஓகஸ்ற் 12 இல் எழுந்த ஹர்த்தால், அப்பங்கு மக்கள் வாழ்வில் எத்துணை வேரூன்றியிருந்தது என்பதைக் காட்டிற்று.

1978 இல் நிலை மாறியது. மாத வருமானம் 300 ரூபாவுக்கு உட்பட்ட குடும்பங்களுக்கே பங்கரிசி என விதிக்கப்பட்டது. 1979 இல் அரிசிக்கு மாற்றாக உணவு முத்திரை வந்தது. எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 25 ரூபா, எட்டு முதல் பன்னிரண்டு வரை 20 ரூபா, அதற்கு மேற்பட்டோர்க்கு 15 ரூபா என்பது கணக்கு. தாய், தந்தை, பத்து வயதுப் பிள்ளை ஒன்று, சிறு பிள்ளைகள் இரண்டு உள்ள குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அதற்குக் கிடைப்பது 100 ரூபா. தந்தை 299 ரூபா உழைத்தால் வீட்டுக்கு வருவது 399. இரண்டு நாட் கூலி மேலதிகமாகக் கிடைத்து 310 ஆயின், விதிப்படி வருவது 310 மட்டுமே. முன்னைய நிலையை அடைய அவன் 399 ரூபா வரை உழைத்தாக வேண்டும். இடைப்பட்ட உழைப்பெல்லாம் வியர்வைக்கு வியர்வையே கூலியாக முடிந்தது!

இதற்கு எதிரான முறையொன்றை இங்கிலாந்து முன்னரே கையாண்டது. 1795 இல் பார்க்சயர் நீதிபதிகள் ஸ்பீனம்லாந்தில் கூடி, பாணின் விலைக்கும் குடும்பத்தின் அளவுக்கும் ஏற்பக் கூலியின் குறையை வரிப்பணத்தால் நிரப்ப முடிவு செய்தனர். கூலி ஏற ஏற உதவி படிப்படியாகக் குறையும். முதலாளிகள் இதனாற் கூலியைக் குறைத்தனர் என்று குற்றஞ்சாட்டி, 1834 ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய உதவிகளை ஒழிக்க முற்பட்டது. அக்குற்றச்சாட்டுக்குச் சான்று போதாது என மார்க் பிளாக் என்னும் பொருளியல் வரலாற்றறிஞர் 1963 இல் எழுதினார். எவ்வாறாயினும், ஒரு நாட் கூலிக்காக முழு உதவியையும் பறிக்கும் குறை அம்முறையில் இல்லை.

முத்திரை முறையின் மற்றொரு குறை, வருமானத்தை அறியும் வகையிலே கிடந்தது. தோட்டத் தொழிலாளருக்குச் சம்பளப் பதிவேடு இருந்தமையால் அவர்தம் வருமானம் சதம் வரை தெரிந்தது. ஆகவே அவருட் பலர் விலக்கப்பட்டனர். பதிவேடற்ற பிறர் தாமே கூறிய தொகையால் உட்புகுந்தனர். துறைமுகச் சம்பள ஏட்டிற் பெயருள்ளவனும் கரைவலையிற் பங்கு பெறுபவனும் அருகருகே வாழும் ஊரில் இவ்வேற்றுமை எத்துணை மனக்கசப்பை விளைவிக்கக்கூடும் என்பது சொல்லாமலே விளங்கும். மேலும் 1980 இல் புதியோரைச் சேர்த்தல் நிறுத்தப்பட்டது. கணக்கெடுத்த காலத்தில் கைநிறைய வேலை இருந்தவன், பின்னர் வேலை இழந்தும் வெளியே நின்றான். முத்திரையின் தொகை அப்படியே இருக்க, விலைவாசியோ ஏறிற்று.

1989 இன் ஜனசவியவும் 1995 இன் சமுர்த்தியும் தொகைகளை மாற்றின. மாத வருமானம் என்னும் அளவுகோலைக் கைவிடவில்லை. அதனைக் கைவிட்டது 2023 யூலையில் தொடங்கிய அஸ்வெசும. கல்வி, உடல்நலம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு கூறுகளில் 22 குறிகாட்டிகளால் குடும்பத்தை எடைபோட்டு, 2,500 ரூபா முதல் 15,000 ரூபா வரை நான்கு படிகள் வகுக்கப்பட்டன. இரண்டு நாட் கூலி மிகுந்தமையால் மட்டும் ஒருவன் உதவியை இழக்கும் இடர் இதனாற் பெரிதும் நீங்கியது. இதனைப் பாராட்டுதல் தகும். ஆனால் வீடும் சொத்தும் பருவத்தோடு மாறுவனவல்ல. கல்வீடு ஒன்று உடையவன் ஆனியில் மீன் விற்றுக் காசு எண்ணும்போதும், மார்கழியில் வள்ளத்தைக் கரையேற்றிவிட்டுக் கடன் கேட்டு நிற்கும்போதும், அவனுக்குரிய புள்ளி ஒன்றே. முதற்பட்டியல் வெளியானதும் நாடெங்கும் பல இலட்சம் மேன்முறையீடுகள் குவிந்தன.