மன்ஹான் பாடல்

ஐரிஷ் மொழியின் பழமையான சமயப் பாடல்களுள் ஒன்று. அயர்லாந்தின் நடுப்பகுதியில், ஆஃபலி மாவட்டத்து லெமனஹான் துறவுமடத்தை நிறுவி, அதன் தலைவராக இருந்த புனித மன்ஹானின் பெயரில் வழங்குகிறது.

மன்ஹானும் மடமும்: மன்ஹான் 7ஆம் நூற்றாண்டினர். 649-இல் நடந்த கார்ன் கோனல் போரில் வென்ற அரசன் டியர்மித், குளோன்மக்னாய்ஸ் பெருமடத்துக்கு அளித்த நிலத்தில், சதுப்பு சூழ்ந்த மேட்டில் இம்மடம் எழுந்தது என்பது மரபு. 665-இல் கொள்ளைநோய்க்குப் பலியானவர்களுள் மன்ஹானையும் ஐரிஷ் ஆண்டுக் குறிப்புகள் சேர்க்கின்றன. அவருடைய எலும்புகளுக்காக 12ஆம் நூற்றாண்டில் செய்த, வெண்கல வேலைப்பாடுடைய மரப்பேழை அருகிலுள்ள போஹர் தேவாலயத்தில் இருக்கிறது.

பொருள்: காட்டில் மறைவாக ஒரு குடில் வேண்டும் என்று இறைமகனை வேண்டுவதாகப் பாடல் தொடங்குகிறது. பக்கத்தில் தெளிந்த நீர், பறவைகள் தங்கும் சோலை, தெற்கு நோக்கிய நல்ல மண் என்று வேண்டுதல் வளர்கிறது. அடுத்துத் தோழர்களைக் கேட்கிறார். அவர்கள் பன்னிருவர்; கோயிலில் தெற்கே அறுவரும் வடக்கே அறுவருமாக நின்று செபிப்பவர்கள். வேண்டுபவரையும் சேர்த்தால், கிறிஸ்துவையும் பன்னிரு திருத்தூதர்களையும் நினைவூட்டும் எண்ணிக்கை இது. பீடத்துக்குத் துணி, மறைநூலுக்கு மேல் மெழுகுவத்தி ஒளி, உணவுக்குக் கோழி, சால்மன் மீன், தேனீ, மணமுள்ள லீக் கீரை என எல்லாம் அளவோடு கேட்கப்படுகின்றன. தனிமைப் பாடல் என்று பெயர்பெற்றிருந்தாலும், இதன் உள்ளம் கூடி வாழ்வதிலேயே ஊன்றியிருக்கிறது.

காலமும் ஆசிரியரும்: பாடலின் மொழிநடை மன்ஹானுக்கு இரண்டு மூன்று நூற்றாண்டு பிற்பட்டது, ஆகவே அவர் இதை இயற்றியிருக்க முடியாது. புனிதர்களின் வாய்மொழியாகப் பாடல் புனைவது அக்கால வழக்கம். அயோனா மடத்தை நிறுவிய கொலும்பாவின் பெயரிலும் இவ்வாறு பல பாடல்கள் உண்டு.

பதிப்பும் ஆய்வும்: ஜெர்மானிய அறிஞர் கூனோ மேயர் 1904-இல் ‘ஏரியு’ இதழில் இதை வெளியிட்டார். கென்னத் ஜாக்சன் (1935), ஜெரார்ட் மர்ஃபி (1956) ஆகியோரின் நூல்கள் இதைப் பரவலாக்கின. இத்தகைய பாடல்கள் காட்டுத் துறவிகளின் நேரடி அனுபவம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1989-இல் டோனஹா ஓ கொரான் அதை மறுத்து, பெருமடங்களில் வாழ்ந்த கற்றவர்களின் ஆக்கம் இவை என வாதிட்டார். அவ்வாறு கொண்டால் பாடலின் மதிப்பு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை: நிலமும் செல்வமும் பெருகிய மடங்களுக்குள்ளிருந்தே எளிய வாழ்வுக்கான இந்த ஏக்கம் பிறந்தது, அதைச் சொல்லத் தொடக்ககால மடத்தலைவர் ஒருவரின் குரல் தேவைப்பட்டது.