பதினாறரை மில்லிமீட்டர்

இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே 16.5 மில்லிமீட்டர். சுண்டுவிரலை வைத்தால் நிரம்பிவிடும். உலகத்தில் இன்று ஓடும் மாதிரி ரயில்களில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் ஓடுகிறது. எந்த அரசும் சட்டம் போட்டு வைத்த அளவல்ல இது. சந்தைகளிலும் கண்காட்சி மேஜைகளிலும் வளர்ந்து நிலைத்தது. இது வந்த வழியைச் சொன்னால், மாதிரி ரயில் கண்காட்சி எதற்காகத் தொடங்கியது, இப்போது எதற்காக நடக்கிறது என்பதும் கூடவே வந்துவிடும். கதை ஜெர்மனியில் தொடங்குகிறது. அதை நான் வாலாஜாபாத் வரை கொண்டுவரப் போகிறேன்.

ஜெர்மனியில் கோப்பிங்கன் என்ற ஊர். அங்கே மார்க்லின் குடும்பத்தார் 1859 முதல் பொம்மை வீட்டுக்குத் தகரத்தில் அடுப்பும் பாத்திரமும் செய்து விற்றார்கள். நம் ஊர்க் கணக்கில் சொப்புச் சாமான். சொப்பு விற்கிறவருக்குத் தெரிந்த ரகசியம் ஒன்று உண்டு. அடுப்பு வாங்கிய குழந்தை அடுத்த வருடம் இட்லிப் பானை கேட்கும், அதற்கடுத்த வருடம் அம்மிக்கல் கேட்கும். இந்த வியாபாரப் புத்தியை அவர்கள் ரயிலுக்குக் கொண்டுவந்தார்கள். 1891-இல் லைப்சிக் சந்தையில் சாவி கொடுத்தால் ஓடும் ரயிலை எட்டு வடிவத் தண்டவாளத்தில் ஓட்டிக் காட்டினார்கள். ரயில் பொம்மை அதற்கு முன்பே இருந்தது. புதுமை தண்டவாளத்தில் இருந்தது. அளவுகளுக்கு எண் கொடுத்து, தனித்தனித் துண்டாக விற்றார்கள். இந்த ஆண்டு வாங்கிய துண்டோடு அடுத்த ஆண்டு வாங்குவது பொருந்தும். மற்ற உற்பத்தியாளர்களும் மெல்ல மெல்ல அந்த அளவுகளுக்கே வந்து சேர்ந்தார்கள்.

அந்தக் காலத்துக் கண்காட்சிக்கு வந்தவர்கள் கடைக்காரர்கள். எதை வாங்கி அடுக்கலாம் என்று பார்க்க வந்தவர்கள். பொழுதுபோக்குக்காக யாரும் வரவில்லை. 1900-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் இங்கிலாந்தின் பாசெட்-லோக், நியூரம்பர்க்கின் பிங் நிறுவனத்தாரைச் சந்தித்ததும் வியாபாரமாகத்தான். அந்த உறவில் பிறந்ததுதான் 1922-இல் வெளிவந்த மேஜை ரயில். சாப்பாட்டு மேஜைக்குள் ஒரு வட்டம் அடங்க வேண்டும் என்பதற்காகத் தண்டவாள இடைவெளியைச் சுருக்கினார்கள். பதினாறரை அப்படித்தான் வந்தது. 1935-இல் அதே லைப்சிக்கில் ட்ரிக்ஸ் நிறுவனமும் மார்க்லினும் மின்சாரத்தில் ஓடும் பதினாறரை ரயில்களைக் கொண்டுவந்து வைத்தன. ட்ரிக்ஸின் பின்னால் இருந்த ஸ்டீபன் பிங் யூதர். மூன்றே ஆண்டுகளில் நாட்டை விட்டு இங்கிலாந்துக்குப் போக வேண்டியதாயிற்று. அதே 1938-இல் இங்கிலாந்தில் ஹார்ன்பி டப்லோ பதினாறரையில் ஓடத் தொடங்கியது.

இங்கே கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். பொழுதுபோக்கின் சண்டைகள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் இருக்கின்றன.

ஐரோப்பாவின் நிஜத் தண்டவாள இடைவெளி 1435 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் பதினாறரை வரும். எச்.ஓ. என்று சொல்லும் அளவு இதுதான். கண்டத்து ஐரோப்பியருக்கும் அமெரிக்கருக்கும் தொல்லையில்லை. ஆனால் பிரிட்டிஷ் இன்ஜின்கள் உருவில் சிறியவை. 87-ஆல் சுருக்கினால் அன்றைய மோட்டார் உள்ளே நுழையாது. ஆகவே உடலை மட்டும் 76.2-ஆல் சுருக்கிவிட்டு, தண்டவாளத்தைப் பதினாறரையிலேயே விட்டார்கள். சரியான இடைவெளி 18.83 ஆக இருந்திருக்க வேண்டும். இரண்டேகால் மில்லிமீட்டருக்கு மேல் தவறு. இந்தத் தவறைச் சகிக்காத ஒரு கூட்டம் 1960-களில் சக்கரத்தையும் தண்டவாளத்தையும் தாங்களே செய்து 18.83-இல் ஓட்டிக் காட்டியது.

எங்கே காட்டினார்கள் என்பதுதான் விஷயம். ஆர்வலர்களே நடத்தும் கண்காட்சியில். லண்டனில் 1910-இல் தொடங்கிய மாதிரி ரயில் சங்கத்திலிருந்து கிளம்பிய வழக்கம் அது. கடைக்காரர்களின் சந்தை, ஆர்வலர்களின் கண்காட்சியாக மாறியது. ஒருவர் மூன்று வருடம் கொல்லைக் கொட்டகையில் உட்கார்ந்து செய்த நிலையத்தைத் தூக்கிவந்து வைப்பார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்பவர், பாயிண்ட் எப்படித் திரும்புகிறது, சரளைக் கல்லை எதைப் போட்டு ஒட்டினீர்கள் என்று குடைவார். அச்சில் இருந்த கையேட்டைவிட இந்தப் பேச்சில் கற்றவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். கண்காட்சியின் பொற்காலம் அதுதான் என்பது என் கட்சி. அதன் பிறகு மெல்ல உற்பத்தியாளர்கள் திரும்பி வந்தார்கள். இந்த ஆண்டு என்ன புது இன்ஜின் என்று அறிவிக்கும் இடமாகவும், தள்ளுபடியில் பெட்டி பெட்டியாக வாங்கிப்போகும் இடமாகவும் அரங்குகள் மாறின.

நம் பக்கம் வருவோம். இந்திய அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 19.26. அந்த அளவில் தண்டவாளம் எந்தக் கடையிலும் கிடைக்காது. பதினாறரையை விடமாட்டேன் என்றால் ரயிலை நூற்றொரு பங்குக்கு மேல் சுருக்க வேண்டும். அந்த அளவில் சக்கரமோ மோட்டாரோ கிடையாது. ஆகவே நம் ஆர்வலர்கள் பெரும்பாலும் 87-இல் செய்த பெட்டியைப் பதினாறரைத் தண்டவாளத்தில்தான் நிறுத்துகிறார்கள். எதிரே இருந்து பார்த்தால் ஆறடி ஆள் பையனின் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது. நம் மாதிரி ரயில்களின் புகைப்படங்கள் அநேகமாகப் பக்கவாட்டிலேயே எடுக்கப்படுவதன் காரணமும் அதுவாக இருக்கலாம்.

வாலாஜாபாத் வழியாகப் போகும் செங்கல்பட்டு - அரக்கோணம் பாதையை மாதிரியாகச் செய்ய நினைப்பவருக்கு இந்தத் தலைவலி மூன்று மடங்கு. அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரம் வரை 1865-இல் இந்தியன் டிராம்வே கம்பெனி போட்ட பாதை 1067 மில்லிமீட்டர். மூன்றரை அடி. இந்தியாவில் அரிதான அளவு. 1878-இல் அதை மீட்டர்பாதையாக மாற்றினார்கள். பிறகு செங்கல்பட்டு வரை நீண்டபோது வாலாஜாபாத்தும் அதில் சேர்ந்தது. இன்று முழுவதும் அகலப்பாதை. 87-இல் சுருக்கினால் முறையே 12.3, 11.5, 19.3 மில்லிமீட்டர். ஒரே பாதையின் நூற்றைம்பது வருடத்தில் பதினாறரை ஒரு தடவைகூட வருவதில்லை. (தென்னகத்தின் முதல் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து போனது வாலாஜா ரோட்டுக்கு. அது ராணிப்பேட்டைப் பக்கம். பெயரைப் பார்த்து வாலாஜாபாத் என்று எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.)

இப்போதைய வாலாஜாபாத் நிலையத்தில் பார்க்க வேண்டியது சரக்கு ரேக். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் செய்த கார்கள் இங்கே ரயிலேறி வடக்கே போகின்றன. கார் ஏற்றும் ரேக்குகளில் ஒரு வகை என்.எம்.ஜி. பயணிகள் சேவையிலிருந்து ஓய்வு பெற்ற பழைய ஐ.சி.எஃப். பெட்டிகளில் ஜன்னல்களைத் தகடு போட்டு அடைத்து, இருக்கைகளைப் பிடுங்கி, கடைசியில் கதவு வைத்துச் செய்தவை. காரை ஒரு முனையில் ஏற்றினால் பெட்டிக்குப் பெட்டி உள்ளேயே ஓட்டிக்கொண்டு மறுமுனை வரை போகலாம். ஐ.சி.எஃப். தொழிற்சாலை 1955-இல் பெரம்பூரில் சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவன வடிவமைப்போடு தொடங்கியது. அங்கே பிறந்து, ஊரெல்லாம் ஜனங்களைச் சுமந்து, கிழப்பருவத்தில் பிறந்த ஊருக்குப் பக்கத்திலேயே கார் சுமக்க வருகிற பெட்டி. மாதிரி ரயில் செய்பவருக்கு இதைவிட நல்ல சரக்கு கிடையாது. துருவின் நிறம், அடைத்த ஜன்னலின் விளிம்பு, பழைய நீலத்தின் மேல் அடித்த புது வண்ணம் என்று கைக்கு வேலை நிறைய இருக்கிறது.

ஆனால் நீளத்தைப் பாருங்கள். ஐ.சி.எஃப். பெட்டி 87-இல் ஏறத்தாழ 25.6 சென்டிமீட்டர். 25 பெட்டி கோர்த்த ரேக் என்றால் ஆறு மீட்டர் நாற்பது. அதற்குப் பின் வந்த எல்.எச்.பி. வகைப் பெட்டி 27 சென்டிமீட்டர். 22 பெட்டியும் ஒரு டபிள்யூ.ஏ.பி-7 இன்ஜினும் சேர்த்தால் ஆறு மீட்டரைத் தாண்டும். திருப்பத்தின் ஆரம் 60 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் இந்த நீளப் பெட்டிகள் மூலைக்கு மூலை இடித்துக்கொள்ளும். சென்னையில் இரண்டு படுக்கையறை வீட்டின் கூடத்தில் இதை விரித்தால் வீட்டில் மற்றவர்கள் எங்கே உட்காருவது? இந்திய ரயிலை அதன் முழு நீளத்தில் ஓட்டிப் பார்க்க நமக்கு மண்டபம் வேண்டும். ஐரோப்பியருக்குக் கண்காட்சி ஒரு விருப்பம். நமக்கு அது இடத் தேவை.

இந்தத் தேவையை நம் கண்காட்சிகள் தீர்க்கவில்லை. தமிழ்நாட்டில் பலருக்கும் ஓடும் மாதிரி ரயில் முதலில் அறிமுகமானது சென்னைத் தீவுத்திடல் பொருட்காட்சியின் ரயில்வே அரங்கில்தான். அப்பளமும் மிளகாய் பஜ்ஜியும் முடித்துவிட்டுக் குழந்தையைத் தோளில் தூக்கிக் காட்டும் இடம் அது. துறையின் சாதனையைச் சொல்ல வைத்த ரயில். அதைப் பார்த்தவர் வியந்தார். நாமும் ஒன்று செய்யலாம் என்று வீட்டுக்குப் போகவில்லை. வில்லிவாக்கத்தில் ஐ.சி.எஃப். நடத்தும் ரயில் அருங்காட்சியகத்திலும், 2014-இல் திறந்த திருச்சி ரயில் அருங்காட்சியகத்திலும் பார்வையாளர் இன்னும் பார்வையாளராகவே நிற்கிறார்.

புனேயில் பாவூசாகேப் ஜோஷி என்ற தனி மனிதர் வேறு வழியில் போனார். தன் மாதிரி ரயில் அமைப்பை முதலில் கண்காட்சிகளில் காட்டினார். பிறகு 1998-இல் கோத்ரூட்டில் நிரந்தரமாகவே ஒரு சிறு நகரத்தைக் கட்டி, டிக்கெட் போட்டுத் திறந்துவிட்டார். அது இன்றும் நடக்கிறது. ஆனால் அதுவும் ஒருவர் கட்டியதை ஊர் பார்க்கும் ஏற்பாடுதான்.

இதற்கிடையில் மேற்கே கண்காட்சியின் அடிப்படையே ஆட்டம் கண்டது. புது இன்ஜின் அறிவிப்பு அலைபேசியில் வந்துவிடுகிறது. 2022-இல் ஹார்ன்பி தன் புதிய டி.டி. வரிசையை, 12 மில்லிமீட்டர் தண்டவாளத்தில், கடைகளைத் தாண்டித் தன் இணையதளத்திலேயே விற்கத் தொடங்கியது. சரளை ஒட்டுவது எப்படி என்பதற்கு ஆயிரம் வீடியோ இருக்கிறது. பர்மிங்காமின் என்.இ.சி. அரங்கில் வார்லி சங்கம் தன்னார்வலர்களை வைத்து நடத்திய பெருங்கண்காட்சி 2023 நவம்பரோடு நின்றது. விற்கவும் கற்கவும் கண்காட்சி வேண்டாம் என்றாகிவிட்ட பிறகு மிஞ்சுவது என்ன?

என் பார்வையில் மிஞ்சுவது கோர்ப்பதுதான். ஐரோப்பாவில் ஃப்ரெமோ என்ற நண்பர் அமைப்பு 1981 முதல் இதைச் செய்கிறது. ஒவ்வொருவரும் வீட்டில் ஒரு துண்டு மட்டும் செய்வார்கள். ஒருவரிடம் நிலையம், ஒருவரிடம் வெறும் வயல்வெளி, ஒருவரிடம் லெவல் கிராசிங். துண்டின் இரு முனைகளும் மட்டும் ஒப்புக்கொண்ட அளவில் இருக்கும். விளையாட்டு அரங்கு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, துண்டுகளை போல்ட் போட்டு முடுக்கி, ஒயரை இணைத்து, நிஜ ரயில்வே மாதிரியே கால அட்டவணை வைத்து ஓட்டுவார்கள். பார்வையாளருக்காக அல்ல. தங்களுக்காக. அந்நியர் இருவரின் தண்டவாளம் சந்திக்கும் இடத்தில் ஒரு மயிரிழை உயர வித்தியாசம் இருந்தாலும் முதல் போகி தடம் புரளும். உடனே இருவரும் குனிந்து, அட்டைத் துண்டைச் செருகி, மறுபடி ஓட்டிப் பார்ப்பார்கள். மார்க்லின் 1891-இல் வியாபாரத்துக்காகச் செய்ததை, என் துண்டு உன் துண்டோடு சேரும் என்பதை, இவர்கள் காசில்லாமல் செய்கிறார்கள்.

நம் ஊரில் இது ஏன் தழைக்கவில்லை? பணம் முதல் காரணம். பொம்மைகள் மீதான சுங்க வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023-இல் 70. சுருக்கப்பட்ட மாதிரிகளும் சுங்க அட்டவணையில் பொம்மைகளோடு ஒரே தலைப்பில்தான் வருகின்றன. உள்நாட்டு உற்பத்தி பெருகட்டும் என்றுதான் வரியைக் கூட்டினார்கள். சாதாரணப் பொம்மைக்கு அந்த வாதம் சரி. மாதிரி ரயிலுக்கு உள்நாட்டில் மோல்டு அடிக்க யாரும் முன்வரமாட்டார்கள். லட்சக்கணக்கில் செலவாகும் மோல்டுக்கு ஆயிரக்கணக்கில் பெட்டி விற்றாக வேண்டுமே. காரின் டாஷ்போர்டையும் கைபேசி உடலையும் வார்க்கும் இயந்திரங்கள் ஒரகடம் சாலை நெடுக இருந்தும், பெரம்பூரில் பிறந்த பெட்டிக்குச் சிறு உருவம் வார்க்கக் கணக்கு இடம் கொடுப்பதில்லை. எனவே ஆர்வலர்கள் 3டி பிரிண்டரில் உடலை அச்சடித்து, வெளிநாட்டு இன்ஜினின் மோட்டார் அடித்தட்டை அதன் கீழ் மாட்டி ஓட்டுகிறார்கள். அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனம் வடிவமைத்ததுதான் நம் டபிள்யூ.டி.எம்-2 டீசல் இன்ஜின் என்பதால், அந்த ஊர் ஆல்கோ மாதிரியின் அடித்தட்டு கிடைத்தால் அதிர்ஷ்டம்.

பிரிண்டர் வந்ததில் ஒரு நன்மை உண்டு. கடை அளவுக்கு அடிமையாக இருக்க வேண்டியதில்லை. 19.3 மில்லிமீட்டரில் ஸ்லீப்பர் கட்டையை அச்சடித்துத் தண்டவாளத்தைச் செருகிக்கொள்ள இன்று முடியும். பத்துப் பேர் பத்து விதமாக அச்சடித்தால் பயனில்லை. ஒரு மேஜையில் கூடி, துண்டின் முனை இந்த அளவு, தரையிலிருந்து இவ்வளவு உயரம், மின்னிணைப்பு இப்படி என்று ஒப்புக்கொள்ள வேண்டும். வீடியோவில் இது நடக்காது. இரண்டு துண்டுகளை எதிரெதிரே வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

ரயில்வேயிடம் கேட்க வேண்டியது பெரிதல்ல. வில்லிவாக்கத்து அருங்காட்சியகத்தில் ஒரு கூடத்தையோ, வாலாஜாபாத் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தையோ, வருடத்தில் இரண்டு நாள், ஆடி மாதத்தில் மண்டபங்கள் காலியாகக் கிடக்கும்போது ஏற்பாடு செய்து கொடுக்கட்டும். கண்ணாடிப் பெட்டி வேண்டாம், திறப்பு விழாவும் வேண்டாம். நீளமான மேஜைகளும் ஒழுங்கான மின்சாரமும் போதும். ஆர்வலர்கள் செய்ய வேண்டியதும் ஒன்றுதான்: முழு நிலையம் கட்டி முடித்துவிட்டுத்தான் வருவேன் என்று வீட்டில் காத்திராமல், ஆளுக்கு ஒரு மீட்டர் பாதையைச் செய்து எடுத்துக்கொண்டு வாருங்கள்.