இண்டியனோலா: கணக்குப் புத்தகத்தில் எழுதப்பட்ட சாதி

அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டம் என்றதும் நம் படிப்பு வட்டங்களில் முதலில் வரும் பெயர்கள் மார்ட்டின் லூதர் கிங், மால்கம் எக்ஸ். தலைவர்களைப் படிக்கிறோம். அந்த மக்கள் எப்படிப்பட்ட வீட்டில் குடியிருந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், கையில் காசில்லாத நாளில் யார் வாசலில் போய் நின்றார்கள் என்பதைப் பெரும்பாலும் படிப்பதில்லை. ஆதிக்கம் அன்றாடம் இயங்குவது அங்கேதான் என்பது நமக்குத் தெரியும். எனவே ஒரே ஒரு சிற்றூரை எடுத்துக்கொள்வோம்: மிசிசிப்பி மாநிலத்தின் பருத்திச் சமவெளியில், சன்ஃபிளவர் மாவட்டத்தின் தலைமையிடமான இண்டியனோலா.

1930களில் அந்த ஊரில் சுமார் 3,000 பேர் வாழ்ந்தார்கள். மாவட்டத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் கறுப்பின மக்கள். மானிடவியலாளர் ஹார்டென்ஸ் பவுடர்மேக்கர் 1932இலும், உளவியலாளர் ஜான் டொலார்ட் 1935இலும் அங்கே போய்த் தங்கி ஆய்வு செய்தார்கள். ஊர்ப் பெயரை மறைத்து டொலார்ட் 1937இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே 'சாதி' என்ற சொல் இருந்தது. நிறவேறுபாட்டைச் சாதி என்று அழைக்கலாமா என்று 1948இல் ஆலிவர் காக்ஸ் என்ற கறுப்பினச் சமூகவியலாளர் கடுமையாக மறுத்து எழுதினார். சமூகவியல் மாணவர்கள் அந்த விவாதத்தை அவசியம் படிக்க வேண்டும். இங்கே நமக்கு வேண்டியது அந்த ஊரின் நடைமுறை.

நம் ஊர்களில் ஊரையும் சேரியையும் ஒரு ஓடையோ வயலோ பிரிக்கும். இண்டியனோலாவில் ரயில் தண்டவாளம் பிரித்தது. ஒரு பக்கம் வெள்ளையர்களின் நிழல்மரத் தெருக்கள். மறுபக்கம் நெருக்கமான மரவீடுகள், மழை பெய்தால் சேறாகும் மண்பாதை. காலையில் கறுப்பினப் பெண்கள் தண்டவாளத்தைத் தாண்டிப் போய் வெள்ளையர் வீடுகளில் சமைத்தார்கள், துவைத்தார்கள், பிள்ளை வளர்த்தார்கள். ஆனால் நுழைவது பின்வாசல் வழியாக. சமைத்த சோற்றை அதே மேசையில் உட்கார்ந்து உண்ண முடியாது. இங்கே ஒரு வேறுபாட்டையும் குறித்துக்கொள்ள வேண்டும். அவர்கள் கை சமைத்ததை அங்கே வெள்ளையர்கள் சாப்பிட்டார்கள். நம் நாட்டிலோ, சத்துணவுக் கூடத்தில் தலித் பெண் சமைத்தால் பிள்ளையைச் சாப்பிட விடமாட்டோம் என்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அழைக்கும் முறையிலும் சாதி இருந்தது. எவ்வளவு வயதானாலும் கறுப்பினத்தவருக்கு 'மிஸ்டர்', 'மிசஸ்' கிடையாது. ஆண் என்றால் 'பையா'. வயதானவர் என்றால் 'அங்கிள்', 'ஆன்ட்டி'. கறுப்பினப் பெண்களைப் பவுடர்மேக்கர் 'மிசஸ்' என்று மரியாதையாக அழைத்ததே வெள்ளையர்களுக்கு உறுத்தியது. ஆதிக்கச் சாதிச் சிறுவன் நம் தாத்தாவைப் பேர் சொல்லி 'வாடா' என்று கூப்பிட்டதைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஊரைச் சுற்றியிருந்த பருத்திப் பண்ணைகளில் பெரும்பாலோர் வாரத்துக்குப் பயிர் செய்த குடும்பங்கள். நிலம், கோவேறு கழுதை, விதை எல்லாம் முதலாளியுடையவை. உழைப்பு மட்டும் இவர்களுடையது. விளைச்சலில் பாதி பங்கு என்பது பேச்சு. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை சாப்பாட்டுக்கும் துணிக்கும் முதலாளியிடமோ பண்ணைக் கடையிலோ கடன் வாங்க வேண்டும். அதற்கு வட்டி உண்டு. டிசம்பரில் கணக்குத் தீர்ப்பார்கள். புத்தகம் முதலாளி கையில். பருத்தி என்ன விலைக்குப் போனது, எவ்வளவு கடன் எழுதினீர்கள் என்று கேட்டால் திமிர் பிடித்தவன் என்ற பெயர் வரும். அந்தப் பெயர் உயிருக்கே ஆபத்து. 'இந்த வருஷம் கணக்கு நேராகிவிட்டது' என்பார்கள். ஓராண்டு உழைப்புக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது. இன்னும் கடன் பாக்கி என்று அனுப்பப்பட்டவர்களும் உண்டு.

இந்தக் கணக்குப் புத்தகம் உடம்பிலும் தெரிந்தது. கடனுக்குக் கிடைத்தது சோள மாவு, உப்பிட்ட பன்றிக் கொழுப்பு, வெல்லப்பாகு. வீட்டு வாசல்வரை பருத்தி நட்டதால் காய்கறித் தோட்டத்துக்குப் பல குடும்பங்களுக்கு இடமில்லை. விளைவு பெல்லாக்ரா நோய்: தோல் வெடிப்பு, வயிற்றுப்போக்கு, புத்தி பேதலிப்பு, சாவு. இது கிருமியால் வருவதில்லை, மோசமான உணவால் வருகிறது என்று மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர் 1915இலேயே மிசிசிப்பியில் காட்டினார். தென்னக ஆளும் வட்டாரத்தில் பலர் அதை ஏற்க விரும்பவில்லை. ஏற்றால் கூலியைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

பள்ளிக்கூடமும் பருத்தியின் காலண்டர்படிதான் நடந்தது. பறிப்புக் காலத்தில் கறுப்பினப் பிள்ளைகள் வயலில் இருந்தார்கள். ஓட்டுரிமையை மாநிலத்தின் 1890 அரசியல் சட்டம் பறித்திருந்தது. ஓட்டுப் போட வரி கட்ட வேண்டும். சட்டப் பிரிவைப் படித்தோ கேட்டோ விளக்கம் சொல்ல வேண்டும். விளக்கம் சரியா என்று தீர்மானிப்பது வெள்ளை அதிகாரி.

1954 மே மாதம், பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஜூலையில் முதல் 'வெள்ளைக் குடிமக்கள் மன்றம்' இந்த இண்டியனோலாவில்தான் தொடங்கப்பட்டது. அதில் இருந்தவர்கள் வங்கிக்காரர், வியாபாரி, வக்கீல், பண்ணையார். முகமூடி தேவைப்படவில்லை. உரிமை கேட்பவருக்கு வேலை இல்லை, கடன் இல்லை, கடையில் சாமான் இல்லை. 1955இல் யாசூ சிட்டி என்ற ஊரில் பள்ளி உரிமைக்காக 53 கறுப்பினத்தவர் மனுவில் கையெழுத்திட்டார்கள். மன்றம் அவர்கள் பெயர்களைப் பத்திரிகையில் விளம்பரமாகப் போட்டது. வேலையும் வியாபாரமும் போனதும் பெரும்பாலோர் பெயரை விலக்கிக்கொண்டார்கள். நம் ஊரில் இதற்குப் பெயர் ஊர்க்கட்டுப்பாடு.

1962 ஆகஸ்ட் 31 அன்று ஃபேனி லூ ஹேமர் 17 பேருடன் பேருந்தில் இண்டியனோலா நீதிமன்றத்துக்கு வாக்காளராகப் பதிய வந்தார். ஆறு வயதில் பருத்தி பறிக்கத் தொடங்கியவர். பதிவு மறுக்கப்பட்டது. திரும்பும் வழியில், பேருந்தின் மஞ்சள் நிறம் சரியில்லை என்று போலீஸ் அபராதம் போட்டது. அன்றிரவே, 18 ஆண்டுகள் உழைத்த பண்ணையிலிருந்து ஹேமர் வெளியேற்றப்பட்டார். அந்தக் குளிர்காலத்தில் பக்கத்து லெஃப்ளோர் மாவட்டத்தில் சுமார் 22,000 பேர் நம்பியிருந்த அரசு உணவு வினியோகத்தை மாவட்ட நிர்வாகம் நிறுத்தியது.

ஓட்டு கிடைத்த பிறகும் வயிறு முதலாளி கையில் இருந்தால் ஓட்டும் அவன் கையில் என்று ஹேமர் புரிந்துகொண்டார். 1969இல் 40 ஏக்கரில் கூட்டுறவுப் பண்ணை தொடங்கினார். குடும்பத்துக்கு ஒரு சினைப் பன்றி கொடுத்து, ஈன்ற குட்டிகளில் சிலவற்றை அடுத்த குடும்பத்துக்காகத் திரும்பப் பெறும் 'பன்றி வங்கி' நடத்தினார். கடனும் இயற்கைச் சீற்றமும் 1970களின் நடுவில் அந்தப் பண்ணையை முடக்கின. பஞ்சமி நிலத்தை மீட்க இங்கே போராடும் தோழர்கள் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும், அதன் தோல்வி உட்பட.

வெள்ளைப் பிள்ளைகளோ 1965இல் தொடங்கிய தனியார் பள்ளிக்குப் போய்விட்டார்கள். அரசுப் பள்ளிகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கறுப்பினப் பிள்ளைகள். ஆனாலும் 1986இல் பள்ளி நிர்வாகத் தலைமைக்கு வெள்ளையரையே நியமித்தார்கள். மக்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. வெள்ளையர் கடைகளில் சாமான் வாங்கவில்லை. 37 நாள் கழித்து நிர்வாகம் இறங்கிவந்தது. ராபர்ட் மெரிட் முதல் கறுப்பினப் பள்ளித் தலைவர் ஆனார். 1954இல் அவர்கள் மேல் ஏவப்பட்ட புறக்கணிப்பை, 32 ஆண்டுகளுக்குப் பிறகு அதே ஊரில் அவர்களே கையில் எடுத்தார்கள்.

1946இல் அண்ணல் அம்பேத்கர் டுபோய்சுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு அளித்த மனுவின் பிரதியைக் கேட்டார். சமூகப் புறக்கணிப்பின் கொடுமையை அவர் அதற்கு முன்பே எழுதியவர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தத்தில்தான் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு நேரடியாகக் குற்றமாக எழுதப்பட்டது. களத்தில் அதைப் பயன்படுத்தும் புகார்கள் குறைவு. அடியும் வெட்டும் நடந்தால்தான் வன்கொடுமை என்று நாமே நினைத்துவிடுகிறோம்.

எனவே ஒரு கிராமத்துக்கு உண்மை அறியப் போகும்போது காயங்களை மட்டும் பதிவு செய்யாதீர்கள். மளிகைக் கடையில் கடன் யார் தருகிறார், களத்துமேட்டில் கூலிக் கணக்கை யார் எழுதுகிறார், சேரிக்குத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவது யார் என்றும் கேளுங்கள். அந்தப் பதில்களையும் தேதி போட்டு, சாட்சியோடு எழுதி வையுங்கள். புகார் எழுத உட்காரும்போது அவைதான் கைகொடுக்கும்.