கூப்பிட்டால் வரும், கொன்றாலும் பெருகும்: கொயோட்டியின் கதை



நம் வளாகத்தில் பலருடைய பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். டெக்சஸிலோ கலிபோர்னியாவிலோ அவர்கள் வீட்டில் ஆறு மாதம் தங்கிவிட்டு வந்தவர்கள், ராத்திரியில் வீட்டுக்குப் பின்னால் கேட்ட ஊளையைப் பற்றிச் சொல்லியிருப்பீர்கள். பத்துப் பன்னிரண்டு மிருகங்கள் கூடி அழுவது போலிருக்கும். பெரும்பாலும் இரண்டு மூன்றுதான் இருக்கும். குரலை வேகமாக ஏற்றி இறக்கி, கூட்டம் பெரிது என்று நம்மை நினைக்க வைக்கும். அதுதான் கொயோட்டி. நம் குள்ளநரியைவிடச் சற்றுப் பெரியது, ஓநாயைவிடச் சிறியது.

பெயர் வந்த விதம்

மெக்சிகோவின் பூர்வகுடி மொழியான நாவாட்டிலில் இதன் பெயர் 'கொயோட்டில்'. ஸ்பானியர்கள் வழியாக அந்தப் பெயர் ஆங்கிலத்துக்கு வந்தது. தென்மேற்கு அமெரிக்கப் பழங்குடிகளின் கதைகளில் இது தந்திரக்காரன். சில சமயம் தன் தந்திரத்தில் தானே மாட்டிக்கொள்வான். நம் பாட்டிகள் சொன்ன நரிக் கதைகள் உங்களுக்கு நினைவுக்கு வரும்.

1804இல் லூயிஸ், கிளார்க் இருவரும் மேற்கு நோக்கிப் பயணம் போனபோது இதைப் பார்த்து 'புல்வெளி ஓநாய்' என்று குறித்துக்கொண்டார்கள். 1823இல் தாமஸ் சே என்பவர் 'குரைக்கும் நாய்' என்று பொருள்படும் 'கேனிஸ் லேட்ரன்ஸ்' என்ற அறிவியல் பெயரை வைத்தார்.

அரசாங்கம் தொடுத்த போர்

மேற்கில் ஆட்டு மந்தைகளும் மாட்டு மந்தைகளும் பெருகின. குட்டி போடும் காலத்தில் ஆட்டுக்குட்டிகளைக் கொயோட்டி தூக்கிப் போனது உண்மை. மந்தையை நம்பி வாழ்ந்தவருக்கு அது சின்ன நஷ்டமில்லை. 1915இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கென்று பணம் ஒதுக்க, அரசாங்கமே சம்பளத்துக்கு வேட்டைக்காரர்களை வைத்தது. 1931இல் தனிச் சட்டம் வந்தது. பத்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வரை செலவு செய்யலாம் என்றது அது.

முக்கிய ஆயுதம் ஸ்ட்ரிக்னின் என்ற நஞ்சு. எட்டிக்கொட்டையில் இருப்பது அதுதான். நம் காடுகளில் வளரும் அதே எட்டி மரத்தின் விஷம் அங்கே செத்த குதிரையின் இறைச்சியில் கலந்து வைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் '1080' என்ற இன்னும் கொடிய நஞ்சு வந்தது. கொயோட்டி மட்டுமா செத்தது? கழுகு, நரி, நாய் என்று அந்த இறைச்சியைத் தின்றதெல்லாம் செத்தது.

இதற்கிடையில் அடால்ஃப் மூரி என்ற அரசாங்க உயிரியலாளர் யெல்லோஸ்டோன் பூங்காவில் 5,000க்கும் மேற்பட்ட கொயோட்டிக் கழிவுகளைப் பிரித்துப் பார்த்து, 1940இல் அறிக்கை கொடுத்தார். அது பெரும்பாலும் தின்றது எலிகளையும் அதைப் போன்ற கொறிக்கும் பிராணிகளையும்தான். மான் கூட்டம் அதனால் அழியவில்லை என்றார். அவருடைய துறையில் பலருக்கு அது பிடிக்கவில்லை. 1972இல்தான் அதிபர் நிக்சன் அரசு நிலங்களில் இந்த நஞ்சுகளைத் தடை செய்தார். பிற்பாடு சில கட்டுப்பாடுகளோடு ஓரிரண்டு திரும்பி வந்தன.

முயலின் அழுகுரல்

அரசாங்கம் நஞ்சு வைத்தது. சாதாரண வேட்டைக்காரர் கூப்பிட்டார். அடிபட்ட முயல் குழந்தை அழுவதுபோல் கத்தும். அந்தக் குரலை ஊதலில் ஊதினால் பசித்த கொயோட்டி தேடி வரும். பழங்குடிகளுக்குத் தெரிந்திருந்த இந்த வித்தையை 1950களில் டெக்சஸின் பர்ன்ஹாம் சகோதரர்கள் ஊதல் செய்து விற்கும் தொழிலாக்கினார்கள். 1960களில் அதே மாநிலத்தின் வேகோ நகரில் ஜானி ஸ்டூவர்ட் பிராணிகளின் நிஜக் குரலைப் பதிவு செய்து இசைத்தட்டாக விற்றார். இன்று அந்த இடத்தில் ரிமோட்டில் இயங்கும் ஸ்பீக்கர் வந்துவிட்டது.

புதிதாகக் கற்பவருக்கு அங்கே சொல்லித்தரும் முதல் பாடம் துப்பாக்கியைப் பற்றியது இல்லை, காற்றைப் பற்றியது. கொயோட்டி நேராக வராது. வட்டமடித்து, காற்று வீசிப்போகும் பக்கமாகச் சென்று, மோப்பம் பிடித்த பிறகே நெருங்கும். அதனால் காற்று தன் முகத்தில் படும்படி அல்லது குறுக்கே போகும்படி உட்கார வேண்டும். அசையக் கூடாது. பதினைந்து இருபது நிமிடம் ஊதிப் பார்த்து, வராவிட்டால் இடம் மாற வேண்டும். ஒருமுறை ஏமாந்து தப்பிய கொயோட்டி அடுத்த முறை அதே குரலுக்குச் சுலபத்தில் வராது.

பல மாநிலங்களில் இந்த வேட்டைக்கு இன்றும் பருவமோ எண்ணிக்கை வரம்போ கிடையாது. ஆனால் யார் அதிகம் கொன்றார் என்று பரிசு கொடுக்கும் போட்டிகளைக் கலிபோர்னியா 2014இல் தடை செய்தது. வெர்மான்ட், நியூ மெக்சிகோ என்று வேறு மாநிலங்களும் பின்தொடர்ந்தன.

ஏன் ஒழியவில்லை?

ஓநாய் ஏறக்குறைய ஒழிந்தது, கொயோட்டி ஒழியவில்லை. 1972இல் வெளியான ஃபிரெடெரிக் நோல்டனின் ஆய்வு ஒரு காரணம் சொல்கிறது. தெற்கு டெக்சஸில் அதிகம் கொல்லப்பட்ட பகுதியில் ஒரு ஈற்றுக்குச் சராசரி 6.9 குட்டி, அதிகம் கொல்லப்படாத பகுதியில் 4.3. கூட்டம் குறைந்தால் மிஞ்சியதற்கு இரை அதிகம்; காலியான இடத்துக்குப் பக்கத்து ஊர் கொயோட்டி வந்து சேரும். 1975இல் வந்த ஒரு கணக்கீடு, ஆண்டுதோறும் நூற்றுக்கு 75 கொன்றாலும் முற்றிலும் அழிய ஐம்பது ஆண்டுக்கு மேலாகும் என்றது. ஓநாய் போன இடமும் அதற்கே கிடைத்தது. இன்று ஹவாய் தவிர எல்லா மாநிலங்களிலும், தெற்கே பனாமா வரையிலும் இருக்கிறது.

ஆடு வளர்ப்பவர் கதி என்ன என்று கேட்பீர்கள். 1970களின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலிருந்தும் துருக்கியிலிருந்தும் காவல் நாய்களைக் கொண்டுவந்து, மந்தையோடு மந்தையாக வளர்த்துப் பார்த்தார்கள். பல பண்ணைகளில் இழப்பு குறைந்தது.

குடியிருப்புக்குள் கொயோட்டி

இப்போது அது சிகாகோ நகரத்துக்குள்ளேயே வாழ்கிறது. 2000இலிருந்து அங்கே ஸ்டான் கெர்ட் குழுவினர் ரேடியோ பட்டை மாட்டிக் கண்காணித்து வருகிறார்கள். 1,400க்கும் மேற்பட்ட கழிவுகளை ஆராய்ந்ததில் 42 விழுக்காட்டில் எலி போன்ற சிறு பிராணிகள் இருந்தன. பூனை ஒரு விழுக்காட்டை ஒட்டித்தான். ஆனாலும் ஆபத்தே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1981இல் கலிபோர்னியாவில் ஒரு குழந்தையும், 2009இல் கனடாவில் ஓர் இளம்பெண்ணும் உயிரிழந்தார்கள். மனிதர் கையால் தின்னப் பழகிய கொயோட்டிக்குப் பயம் விட்டுப்போகிறது; கடிபட்ட சம்பவங்கள் பலவற்றின் பின்னால் இந்தப் பழக்கம் இருக்கிறது.

எனவே அங்குள்ள குடியிருப்புச் சங்கங்களின் சுற்றறிக்கைகளில் சாதாரணமாக இதையெல்லாம் காணலாம்: குப்பைத் தொட்டியை மூடுங்கள், நாய் பூனை உணவை வெளியே வைக்காதீர்கள், சிறிய நாயைக் கயிற்றில் பிடியுங்கள். கொயோட்டி எதிரில் வந்தால் ஓடாதீர்கள். கையை உயர்த்திச் சத்தம் போட்டு, அதன் மேலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாகப் பின்வாங்குங்கள். அடுத்த முறை அமெரிக்கா போகும்போது இதை நினைவில் வையுங்கள், முக்கியமாகப் பேரக்குழந்தையோடு மாலை நடைக்குப் போகும்போது.

நம் வளாகத்தில் கொயோட்டி இல்லை. பெருச்சாளியும் காக்கையும் பூனையும் உண்டு. எதையாவது ஒழிக்க வேண்டும் என்ற பேச்சு சங்கக் கூட்டத்தில் எழும்போது, அது இங்கே எதைத் தின்ன வருகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். நூறு ஆண்டு செலவழித்து அமெரிக்கர்கள் படித்த பாடம், நமக்குக் காசில்லாமல் கிடைக்கிறது.